வலை கட்டுவதற்கு முன்பு



உங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கொய்யா மரமோ, மாதுளைச் செடியோ, முசுக்கட்டைச் செடியோ இருக்கிறதா? இருந்தால், நான் சொல்லப்போகும் அனுபவம் உங்களுக்குப் புதியதன்று. பிஞ்சு விட்ட நாளிலிருந்து ஒரு குறிப்பிட்ட காயின்மீது கண் வைத்திருப்பீர்கள். அது பெருத்து, கரும்பச்சை மாறி, வெளிறத் தொடங்கும். "இன்னும் இரண்டு நாள்" என்று நீங்களே நாள் குறித்திருப்பீர்கள். இரண்டாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் பாதிப் பழம் கிளையில் தொங்கும்; மீதிப் பாதி தரையில் சிதறிக் கிடக்கும். அடுத்த கிளையில் ஓர் அணில் வாலை ஆட்டிக்கொண்டு உங்களையே பார்க்கும்.

கோபம் வருவது இயற்கையே. கோபத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. சிலர் கவண் எடுக்கிறார்கள். சிலர் பழத்தில் நஞ்சு தடவுகிறார்கள். பலர் கடைக்குப் போய் மெல்லிய நைலான் வலை வாங்கி வந்து செடியின்மேல் போர்த்திவிடுகிறார்கள். மூன்றில் வலைதான் சாதுவான வழி என்று நானும் நினைத்திருந்தேன். கவண் அடிக்கிறது, நஞ்சு கொல்கிறது, வலையோ வெறுமனே தடுக்கிறது என்பது என் எண்ணம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கொல்லையிலிருந்த மாதுளைச் செடிகளின்மேல் பழைய மீன்வலை ஒன்றைப் போர்த்தினேன். வலையின் ஓரம் தரையில் தளர்ந்து கிடந்தது. ஒரு வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. போனபோது வலையின் ஓரத்தில் ஒரு சாரைப்பாம்பு சிக்கி இறந்திருந்தது. பாம்பின் செதில்கள் பின்னோக்கிச் சாய்ந்தவை. முன்னே போக மட்டுமே அவை உதவும். கண்ணிக்குள் தலை நுழைந்துவிட்டால் பின்வாங்க முடியாது. திமிறத் திமிற நூல் இறுகும். மாதுளம்பழத்தை அந்தப் பாம்பு திரும்பிக்கூடப் பார்த்திராது. அது தேடி வந்தது எலியை. அந்த மழைக்காலத்தில் எலிகள் எங்கள் மரவள்ளிக் கிழங்குகளைத் தோண்டித் தின்றன. பாம்பு இறந்ததால்தான் எலி பெருகியது என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. ஆனால் நட்டம் இரண்டு முறை நேர்ந்தது என்பது மட்டும் உண்மை.

எனவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழத்தைக் காப்பது தவறன்று. உழைத்தவன் பலனை எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் வருவது யார், எப்போது வருகிறது, ஏன் வருகிறது என்று அறியாமல் கட்டும் வலையும் கவணுக்கு அண்ணன்தான். அறிந்து செய்தால், பழத்தையும் காக்கலாம், வந்த உயிரையும் காக்கலாம். இதற்குப் பெரிய செலவு இல்லை. கொஞ்சம் கவனிப்பு வேண்டும்.

பழம் யாருக்காகப் பழுக்கிறது?

அணில் நம் பழத்தைத் திருடுகிறது என்று சொல்கிறோம். செடியின் பக்கமிருந்து பார்த்தால் கதை வேறு. செடிக்குக் கால் இல்லை. தன் விதைகள் எல்லாம் தன் நிழலிலேயே விழுந்தால், பிள்ளைகள் தாயோடு போட்டியிட்டு மடியும். ஆதலால் விதையைத் தொலைவுக்கு அனுப்ப அதற்கு ஓர் ஊர்தி தேவை. அந்த ஊர்திக்குக் கொடுக்கும் கூலிதான் பழத்தின் சதை.

விதை முற்றும்வரை காய் பச்சையாக இருக்கிறது. இலைகளுக்கிடையே கண்ணில் படுவதில்லை. கடித்தாலும் துவர்ப்பும் புளிப்பும் விரட்டுகின்றன. விதை முற்றியதும் எல்லாம் மாறுகிறது. நிறம் சிவக்கிறது அல்லது கறுக்கிறது, மாவுப்பொருள் சர்க்கரையாகிறது, மணம் கிளம்புகிறது. "சரக்கு தயார், வரலாம்" என்று செடி விளம்பரம் செய்கிறது. அந்த விளம்பரத்தைப் படித்துவிட்டு வந்தவனைத் திருடன் என்பது அவ்வளவு பொருத்தமில்லை அல்லவா?

விளம்பரமும் வாடிக்கையாளருக்கு ஏற்றபடி அமைகிறது. நம் கண்ணில் நிறத்தை அறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. பறவைகளுக்கு நான்கு வகை. ஊதாவுக்கு அப்பால் நமக்குத் தெரியாத ஒளியையும் பல பறவைகள் காண்கின்றன. ஆகவே பச்சை இலைகளுக்கிடையே சிவந்த பழம் அவற்றுக்குத் தொலைவிலிருந்தே தெரியும். பழந்தின்னி வௌவாலோ இரவில் வருகிறது. இருளில் நிறத்தால் என்ன பயன்? அது மணத்தைப் பின்பற்றி வருகிறது. கொய்யா பழுத்தால் தெருவே மணக்கிறது. நமக்கே எட்டும் அந்த மணம் வௌவாலுக்கு எட்டாதா?

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. தாவரவியலில் 'பெர்ரி' என்று ஒரு கனி வகை இருக்கிறது. ஒரே சூலகத்திலிருந்து உண்டாகி, சதைக்குள்ளேயே விதைகள் அமைந்த கனி அது. திராட்சை, தக்காளி, கொய்யா, சப்போட்டா, கத்தரிக்காய், மிளகாய், வாழைப்பழம்கூட இந்த இலக்கணத்தின்படி பெர்ரிகளே. ஆனால் பெயரில் பெர்ரியைச் சுமக்கும் ஸ்ட்ராபெர்ரியும் மல்பெரியும் பெர்ரி அல்ல! மல்பெரி எனப்படும் முசுக்கட்டை, பல சிறு பூக்கள் சேர்ந்து ஒன்றான கூட்டுக்கனி. ஆக, பெர்ரித் தோட்டத்தைக் காப்பது மேல்நாட்டாருக்கு மட்டும் உரிய கவலை என்று எண்ண வேண்டாம். கொல்லையில் மணத்தக்காளி வைத்திருக்கும் பாட்டிக்கும் அதே கவலைதான்.

முதலில் துப்பறியுங்கள்

நோய் அறியாமல் மருந்து கொடுப்பவரை நல்ல மருத்துவர் என்று சொல்வோமா? தோட்டத்திலும் அப்படியே. பழத்தைக் கெடுத்தவர் யார் என்பதற்குப் பழமே சாட்சி சொல்லும்.

கொண்டைக்குருவி, மைனா, குயில், குக்குறுவான் போன்றவை அலகால் கொத்துகின்றன. சிறு பழமானால் முழுதாக விழுங்கிவிடும். பெரிய பழமானால் குழி குழியாகக் கொத்திய தடம் இருக்கும். இவை பெரும்பாலும் நன்கு பழுத்ததையே நாடும். பச்சைக்கிளி வேறு குணம் படைத்தது. அதன் வளைந்த அலகு வெட்டுக்கத்தி போன்றது. காயையும் வெட்டும்; ஒன்றைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும். தரையில் பாதி தின்ற காய்கள் நிறையக் கிடந்தால் கிளியைச் சந்தேகிக்கலாம்.

அணிலுக்கு வெட்டுப்பற்கள் உண்டு. அது கடித்த இடத்தை உற்றுப் பார்த்தால் உளியால் செதுக்கியது போல இணை இணையாகச் சிறு வரிகள் தெரியும். அது பகலில் மட்டுமே வரும். எலி கடித்தாலும் இதே போன்ற தடம்தான். ஆனால் அது இரவு விருந்தாளி. மாலையில் முழுதாக இருந்த பழம் காலையில் பல்தடத்தோடு இருந்தால் அணில்மேல் பழி போடாதீர்கள்.

வௌவால் பழத்தைப் பறித்துக்கொண்டு வேறு மரத்துக்குப் போய்த் தின்பதும் உண்டு. சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையை உருண்டையாகத் துப்பிவிடும். கொய்யா மரமே இல்லாத இடத்தில் கொய்யாச் சக்கை கிடந்தால் அது வௌவாலின் கைவரிசை. இனி, பழத்தின்மேல் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, உள்ளே நெளியும் வெண்புழு என்றால் குற்றவாளி பறவையுமன்று, விலங்குமன்று, பழ ஈ. அதற்கு எத்தனை வலை கட்டினாலும், கண்ணி பெரிதாயிருந்தால் பயனே இல்லை.

துப்பறியும்போது ஒரு விதியை மறக்காதீர்கள். கடிபட்ட பழத்தைக் கழுவியோ வெட்டி எறிந்தோ மீதியைத் தின்னக் கூடாது. "அணில் கடித்த பழம் இனிப்பு" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. இனிப்பான பழத்தை அணில் கடிக்கிறது என்பது சரி. ஆனால் கடித்தது அணிலா வௌவாலா என்று எப்படித் தெரியும்? பழந்தின்னி வௌவால்களின் உடலில் நிபா வைரஸ் வாழ்கிறது. கேரளத்தில் 2018-இல் அந்நோய் பரவியபோது 17 பேர் இறந்தனர். ஆகவே கடிபட்டது மண்ணுக்கே உரமாகட்டும். எடுத்துப் புதைத்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பொம்மை ஏன் தோற்கிறது?

வெருளி கட்டுவது நம் வழக்கம். பழைய சட்டை மாட்டிய வைக்கோல் பொம்மை, கறுப்புப் பானை, கயிற்றில் தொங்கும் தகரம், இப்போது மினுமினுக்கும் பழைய குறுந்தகடுகள். இவையெல்லாம் வேலை செய்கின்றனவா? செய்கின்றன, சில நாட்களுக்கு மட்டும்.

புதிய பொருளைக் கண்டு அஞ்சுவது பறவைக்குப் பாதுகாப்பு. ஆனால் அஞ்சிய பொருளால் தீங்கு ஒன்றும் வரவில்லை என்று மீண்டும் மீண்டும் கண்டால் அந்த அச்சம் தேய்ந்துபோகும். இதை உயிரியலில் 'பழகிப்போதல்' என்பார்கள். கடிகாரம் இருக்கும் அறையில் சிறிது நேரத்தில் அதன் டிக் டிக் ஒலி நம் காதில் விழாமல் போகிறதே, அதே செயல்தான். ஒரு வாரத்தில் காகம் வெருளியின் தோளிலேயே உட்கார்ந்துவிடும்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர் என்றே தோன்றுகிறது. குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தில் கிளி ஓட்டப் பொம்மையை நிறுத்தவில்லை. பரண் கட்டிப் பெண்களை நிறுத்தினார்கள். அவர்கள் கையில் தட்டை, குளிர், தழல் என்று பல கருவிகள் இருந்ததாகச் சங்கப் பாடல்களால் அறிகிறோம். ஆள் நகர்கிறாள், ஒலி மாறுகிறது, கல் வந்து விழுகிறது. கிளிக்குப் பழகிப்போக வாய்ப்பே இல்லை. ஆகவே நீங்கள் குறுந்தகடு கட்டினால் பழம் வெளிறத் தொடங்கும்போது மட்டும் கட்டுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். அறுவடை முடிந்ததும் அவிழ்த்து விடுங்கள். ஆண்டு முழுதும் தொங்கும் பொருள் அலங்காரமே அன்றிக் காவல் அன்று.

மிளகாய்க்கு அஞ்சுவது யார்?

"மிளகாய்த் தூளைக் கரைத்துத் தெளித்தால் எதுவும் கிட்டே வராது" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இது பாதி உண்மை. எந்தப் பாதி என்பதுதான் சுவையான செய்தி.

மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்ற பொருள். அது நம் நாக்கிலுள்ள வெப்பம் உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. ஆதலால்தான் சுடவில்லையென்றாலும் எரிகிறது. அணில், எலி போன்ற பாலூட்டிகளுக்கும் இதே கதி. பறவைகளிடமும் வெப்பம் உணரும் அதே வகைப் புரதம் இருக்கிறது. ஆனால் அதன் அமைப்பு சற்று வேறு. கேப்சைசினுக்கு அது அசைந்து கொடுப்பதில்லை. அதனால்தான் கிளி மிளகாயைக் கற்கண்டு போலத் தின்கிறது.

அமெரிக்காவின் அரிசோனாப் பகுதியில் காட்டு மிளகாயை ஆராய்ந்த ஜோஷுவா டியூக்ஸ்பரி, கேரி நப்ஹான் என்ற இருவர் 2001-இல் இதன் பொருளை விளக்கினார்கள். எலி இனங்கள் மிளகாய் விதையை மென்று அழித்துவிடுகின்றன. பறவையின் வயிற்றில் போன விதையோ சேதமின்றி வெளிவந்து முளைக்கிறது. காரம் என்பது வேண்டாத வாடிக்கையாளரை விலக்கி, வேண்டியவரை மட்டும் உள்ளே விடும் வாயிற்காவல்!

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. சில வகைத் திராட்சைக்கு மணம் தரும் மெதில் ஆந்த்ரனிலேட் என்ற பொருள் நமக்கு இனிய மணம்; திராட்சை மிட்டாயிலும் பானத்திலும் அதைச் சேர்க்கிறார்கள். பறவைகளுக்கோ அது எரிச்சலூட்டும். அமெரிக்காவில் பறவை விரட்டியாகவே அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆக, மிளகாய் நீர் அணிலை ஓரளவு தடுக்கும், கொண்டைக்குருவியைத் தடுக்காது. அதுவும் ஒரு மழை பெய்தால் கழுவிப் போய்விடும். தெளிப்பவரின் கண்ணுக்கும் ஆபத்து. துப்பறியாமல் மருந்து தேடக் கூடாது என்று நான் சொன்னதன் பொருள் இப்போது விளங்கும்.

வலையா, பையா?

வலை வேண்டவே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். எந்த வலை, எப்படிக் கட்டுவது என்பதே செய்தி.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பர் 1 முதல் ஒரு விதி நடப்புக்கு வந்தது. வீட்டுப் பழமரங்களுக்குப் போடும் வலையின் கண்ணி, முழுதும் இழுத்துப் பிடித்த நிலையிலும் 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அகன்ற கண்ணி வலைகளில் பெரிய வௌவால்களும் பறவைகளும் பாம்புகளும் சிக்கிச் சிறகும் தோலும் கிழிந்து சாவதைக் கண்டபின் வந்த விதி இது. இதைச் சோதிக்க அளவுகோல்கூட வேண்டாம். வலையில் விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் அந்த வலை வேண்டாம்.

இப்படிப்பட்ட வலைக்கு எங்கே போவது என்று கேட்கிறீர்களா? உங்கள் வீட்டுப் பரணிலேயே இருக்கலாம். கிழிந்துபோன பழைய கொசுவலைதான் அது! அதன் கண்ணி ஓரிரு மில்லிமீட்டரே. வெள்ளை நிறமாதலால் இரவிலும் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கறுப்பு நூல்தான் பொறியாகிறது. வெள்ளை வலையைப் பறவை கண்டு விலகிவிடும்.

வலையைச் செடியின்மேல் நேரே போர்த்தாதீர்கள். நான்கு மூங்கில் கழிகளை நட்டு, பந்தல்போல் இழுத்துக் கட்டுங்கள். தொட்டால் மேளம்போல் விறைப்பாக இருக்க வேண்டும். தளர்ந்த மடிப்பில்தான் கால் சிக்கும். அடியில் மண்ணணைத்து மூடுங்கள். தரையில் புரள விடாதீர்கள். காலையும் மாலையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நான் தவறியது இந்த இடத்தில்தான். பூத்திருக்கும்போது மூடக் கூடாது. தேனீ உள்ளே வராவிட்டால் மகரந்தச் சேர்க்கை குறைந்து காய்ப்பும் குறையும். பிஞ்சு பிடித்தபின் கட்டி, பறித்து முடித்ததும் கழற்றிவிட வேண்டும். வலையில் ஏதாவது சிக்கிவிட்டால் இழுக்காதீர்கள், பெரியவர்களை அழையுங்கள். பாம்பு, வௌவால் இரண்டையும் வெறுங்கையால் தொடவே கூடாது.

ஆனால் கொய்யா, மாதுளை, சீத்தாப்பழம் போன்ற பெரிய பழங்களுக்கு வலையைவிடச் சிறந்தது பை. கொய்யாப் பிஞ்சு எலுமிச்சம்பழ அளவு வந்தவுடன் பழைய வேட்டித் துணியில் தைத்த சிறு பையையோ, தடித்த காகித உறையையோ மாட்டிக் காம்பில் தளர்வாகக் கட்டிவிடுங்கள். நிறம் மறைகிறது, பறவை வராது. பழ ஈ முட்டையிட இடமில்லை. மாதுளைக்குப் பை மாட்டினால் பழத்தைத் துளைக்கும் புழுவும் அடங்கும். ஒரு செலவில் மூன்று பயன். பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம்; உள்ளே நீர் வியர்த்துப் பழம் அழுகும்.

அணில் துணியைக் கடித்துவிடுமே என்பீர்கள். உண்மைதான். அணில் தொல்லை மிகுந்தால் கம்பி வலையில் சிறு கூண்டு செய்து மாட்டலாம். தென்னையில் எலி ஏறாதிருக்கத் தண்டைச் சுற்றித் தகரப் பட்டை அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வழவழப்பான தகரத்தில் நகம் பிடிக்காது. அதே முறையைத் தனித்து நிற்கும் மரத்துக்குச் செய்யலாம். ஆனால் மரத்தின் கிளை கூரையையோ மதிலையோ அடுத்த மரத்தையோ தொட்டுக்கொண்டிருந்தால் தகரம் வீண். அணில் பாலம் வழியாக வந்துவிடும்.

கொன்றால் தீருமா?

"இத்தனை வேலை எதற்கு? கொன்றுவிட்டால் தீர்ந்தது" என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு மொரீஷியஸ் தீவின் கதையைச் சொல்லுங்கள்.

அத்தீவில் லிச்சியும் மாவும் வீட்டுக்கு வீடு விளைகின்றன. அங்குள்ள பழந்தின்னி வௌவால் அப்பகுதித் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். அது பழங்களை அழிக்கிறது என்ற புகார் வலுத்தது. அரசு 2015-இல் வௌவால்களைச் சுட உத்தரவிட்டது. அந்த முதல் வேட்டையிலேயே 30,000-க்கும் மேல் கொல்லப்பட்டன. பின்பும் வேட்டை நடந்தது. பழ விளைச்சல் உயர்ந்ததா? எதிர்பார்த்தபடி உயரவில்லை. ஆனால் 2018-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அந்த வௌவாலை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்க நேர்ந்தது. பெண் வௌவால் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். எலியைப்போல் இழப்பை ஈடுகட்ட அதனால் முடியாது.

நம் நாட்டிலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலி, காகம் ஆகியவற்றோடு தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2022-இல் வந்த திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது. இரவெல்லாம் பறந்து இலுப்பைப் பூவில் மகரந்தம் சேர்த்து, இலுப்பை விதையைத் தொலைதூரம் கொண்டுபோய்ப் போடும் ஓர் உயிரைத் தீங்குயிர் என்று எழுதிவைத்தது நம் அறியாமை. கொண்டைக்குருவியும் மைனாவும் பழம் தின்பவை என்றாலும் தம் குஞ்சுகளுக்குப் புழுவையும் வெட்டுக்கிளியையும் பிடித்துக் கொடுப்பவை. பழத்துக்கு வாங்கும் விலையை அவை வேறு வகையில் திருப்பித் தருகின்றன.

இன்னொரு நாட்டின் கதையும் கேளுங்கள். வங்காளதேசத்தில் மக்கள் ஈச்சமரத்தைச் சீவிப் பானை கட்டிப் பதனீர் இறக்குகிறார்கள். இரவில் வௌவால்கள் வந்து அந்தச் சீவலை நக்கும், பானையிலும் எச்சமிடும். பச்சையாகப் பதனீர் குடித்தவர்களுக்கு நிபா நோய் வந்தது. வௌவால்களைச் சுட வேண்டுமா? அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் கிராமத்தாரின் பழைய வழக்கம் ஒன்றையே எடுத்துச் சோதித்தனர். மூங்கில் தட்டியால் ஒரு பாவாடை செய்து, சீவலையும் பானை வாயையும் சேர்த்து மூடுவதுதான் அது. இரவில் படமெடுக்கும் கேமராவை மரத்தில் பொருத்திப் பார்த்தபோது, தட்டி கட்டிய மரத்தில் வௌவாலின் வாய் பதனீருக்கு எட்டவில்லை. பச்சைப் பதனீரைத் தவிர்ப்பதே முழுப் பாதுகாப்பு என்று மருத்துவர்கள் சொல்வது வேறு செய்தி. ஆனால் துப்பாக்கி செய்ய முடியாததை ஒரு மூங்கில் தட்டி செய்தது என்பதைக் கவனியுங்கள்.

பங்கு எவ்வளவு?

என் கருத்துக்கு ஓர் எதிர்வாதம் உண்டு. அதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். "கொல்லையில் ஒரு மரம் வைத்திருப்பவர் பறவைக்குப் பங்கு கொடுக்கலாம். ஐந்து ஏக்கரில் திராட்சைப் பந்தல் போட்டுக் கடன் வாங்கியவர் எப்படிக் கொடுப்பார்?" என்பதே அது. நியாயமான கேள்வி. விளைச்சலை நம்பி வாழும் உழவரிடம் போய்த் தருமம் பேச எனக்கு உரிமை இல்லை. அவருக்குத் தேவை நல்ல வலை, நல்ல பை, அவற்றை வாங்க உதவி. அவர் பயிரைக் காக்கும் செலவைப் பழம் தின்னும் நாம் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பேன்.

ஆனால் நீங்களும் நானும் அந்த நிலையில் இல்லை. ஒரு கொய்யா மரத்தின் எல்லாப் பழமும் நம் வீட்டுக்குத் தேவைப்படுவதில்லை. கை எட்டும் கிளைகளில் பை கட்டுவோம். எட்டாத உச்சிக் கிளைகளை விட்டுவிடுவோம். உச்சியில் ஏறிக் கை கால் ஒடித்துக்கொள்வதும் மிச்சம்! இடமிருந்தால் கொல்லையின் கோடியில் ஒரு தேன்பழ மரம் வைக்கலாம். சிறு சிவப்புப் பழங்களை ஆண்டில் பெரும்பகுதியும் தருவது அது. பூக்கொத்தி முதல் குயில்வரை அதை நாடும். அதனால் கொய்யாவுக்கு வரும் கூட்டம் குறையுமா, அல்லது இரண்டுக்கும் சேர்த்துக் கூட்டம் பெருகுமா? உங்கள் கொல்லையில்தான் அதற்கு விடை கிடைக்கும். எழுதி வைத்துப் பாருங்கள்.

நீங்களே சோதியுங்கள்

ஆம், நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். அடுத்த முறை கொய்யா பிஞ்சு விடும்போது ஏறத்தாழ ஒரே அளவுள்ள 20 பிஞ்சுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய அட்டை கட்டுங்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு நான்கு கூட்டமாகப் பிரியுங்கள். முதல் 5-க்குத் துணிப்பை, அடுத்த 5-க்குக் காகித உறை, அடுத்த 5-க்குப் பக்கத்தில் குறுந்தகடு, கடைசி 5-க்கு ஒன்றுமே இல்லை. சீட்டு எதற்கு என்றால், உங்களுக்குப் பிடித்த பழங்களுக்கெல்லாம் நீங்கள் அறியாமலே துணிப்பை மாட்டிவிடாமல் இருப்பதற்கு! தினமும் காலை, மாலை இருவேளையும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள்: எந்தப் பழம், எந்தத் தேதி, பகலா இரவா, என்ன தடம், யார் என்று ஊகிக்கிறீர்கள். பழம் பறித்து முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். ஐந்து பழங்களை வைத்து உலக உண்மையை நிறுவ முடியாது. உங்கள் வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்து செய்தால் கணக்கு வலுப்படும்.

அந்தக் குறிப்பேட்டை ஒரு பருவம் எழுதியவர் கவண் எடுக்க மாட்டார் என்பது என் நம்பிக்கை. தினமும் காலை ஏழு மணிக்கு வரும் கொண்டைக்குருவியின் பெயரை எழுதி எழுதி, ஒருநாள் அது வராவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று தேடத் தொடங்கிவிடுவோம். எங்கள் மாதுளைச் செடிகளுக்கு இப்போது துணிப்பைதான். பழைய மீன்வலையைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன். போன பருவத்தில் பை கட்டாத பழங்களில் பாதியைப் பறவைகளும் அணில்களும் தின்றன. கட்டிய பழங்களில் இரண்டே இரண்டைத்தான் இழந்தோம். மீதியை நாங்கள் தின்றோம். அண்டை வீட்டாருக்கும் கொடுத்தோம்.

உங்கள் கொல்லையில் யார் வருகிறார்கள்? நாளைக் காலை எழுந்து முதலில் அதைப் பாருங்கள். வலை கட்டுவது பிறகு இருக்கட்டும்.